பதினேழாம் இலக்கப் படிவம்

ஸுல்பிகாவுக்குக் கோபம் வந்தால் பேச மாட்டாள். கண்ணாடியைக் கழற்றிப் பர்தா நுனியால் துடைக்கத் தொடங்குவாள். கல்முனைக்குடியில் அவளோடு பழகியவர்கள், அவள் துடைத்து முடிப்பதற்குள் பேச்சை மாற்றிவிடுவார்கள். யுத்தம் முடிந்த மறு வருஷம், 2010இல், அவள் துடைத்த துடைப்புக்கு வில்லை தேயாமல் இருந்ததே ஆச்சரியம். அத்தனை ஆத்திரமும் ஓர் ஆய்வு முன்மொழிவால் வந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த முன்மொழிவில் ஐந்தே வரியில் கிடந்த ஒரு பகுதியால் வந்தது.

அவள் பஸார் பக்கம் தையல் மெஷின் வைத்திருந்த அப்துல் கபூரின் மூத்த மகள். வீட்டிலிருந்தபடியே படித்து வெளிவாரிப் பட்டம் எடுத்தவள். பட்டம் கைக்கு வந்த மூன்றாம் மாதம், 2004 டிசம்பரில், சுனாமியாகக் கடல் வந்தது. உம்மாவின் உடல் மூன்றாம் நாள்தான் ஜனாஸாவாகக் கிடைத்தது. அழுது முடிப்பதற்குள் வேலை அவளைத் தேடி வந்துவிட்டது. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து இறங்கிய ஆய்வுக் குழுக்களுக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரிந்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி வேண்டியிருந்தது. கொட்டில் கொட்டிலாக அழைத்துப் போக வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், பதிலை மொழிபெயர்க்க வேண்டும், படிவத்தில் ஒப்பம் வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுப் பேர் முடிக்க வேண்டும் என்பது கட்டளை.

அந்த வருஷம் கரையோரம் முழுக்கக் காகிதத்தால்தான் சீவித்தது. ஒப்பம் போட்டால் அரிசி வந்தது. ஒப்பம் போட்டால் கூடாரம் வந்தது. வலை, பாய், பால்மா, பிள்ளைகளுக்குக் கொப்பி, எல்லாமே ஒரு ஒப்பத்துக்குப் பின்னால்தான் வந்தன. ஆகவே யார் பேப்பரை நீட்டினாலும், சனம் குடும்ப அட்டையின் போட்டோக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றது. என்ன பேப்பர் என்று கேட்பதற்கு யாருக்கும் தெம்பில்லை. கேட்டால் பெயர் விடுபட்டுப் போகுமோ என்ற பயம் வேறு.

ஆய்வுக்கு வந்தவர்களுக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள அவர்கள் மினக்கெடவும் இல்லை. ஸுல்பிகாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தாள். அந்தப் பாவத்தில் அவளுக்கும் பங்கிருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு அவளே அதைச் சொன்னாள், அதுவும் சொல்லக் கூடாத இடத்தில்.

வருஷங்கள் ஓடின. 2009இல் யுத்தம் முடிந்ததும் புதுக் குழுக்கள் வந்தன. முன்பு சுனாமி விதவைகளைத் தேடியவர்கள் இப்போது யுத்த விதவைகளைத் தேடினார்கள். கேள்விக்கொத்து அதேதான், தலைப்பை மட்டும் மாற்றியிருந்தார்கள். இந்த முறை ஸுல்பிகா அவர்களோடு போகவில்லை. எத்தனை நாளைக்கு மற்றவர்களின் கேள்வியைத் தூக்கிக்கொண்டு திரிவது, நானே ஓர் ஆய்வு செய்கிறேன் என்று கிளம்பினாள். பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டத்துக்கு விண்ணப்பித்தாள். சுனாமி வீடுகளில் பெண்களின் உரிமை என்பது அவள் எடுத்துக்கொண்ட விஷயம்.

அவள் வீட்டை எடுத்ததற்குக் காரணம் உண்டு. இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. மகள் பிறந்தால் வீடு கட்ட வளவு பார்க்கத் தொடங்குவார்கள். கல்யாணத்துக்கு முன் வீட்டைக் கட்டி மகளின் பெயரில் எழுதுவார்கள். மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். தமிழர் பக்கமும் பெரும்பாலும் இதே வழக்கம்தான். கடல் அந்த வீடுகளைக் கொண்டுபோன பிறகு, அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் புது வீடு கொடுக்கும்போது 'குடும்பத் தலைவர்' யார் என்று கேட்டு, ஆண் பெயரை எழுதின. உம்மா மகளுக்குக் கொடுத்த வீடு போய், மருமகனுக்கு அரசாங்கம் கொடுத்த வீடு வந்தது. ஒரு தலைமுறையின் சொத்தைப் படிவத்தின் ஒரு கட்டத்தில் எழுதிய ஒரு பெயர் விழுங்கிவிட்டது.

அவளுடைய மேற்பார்வையாளர் தனஞ்சயன். காரைதீவுக்காரர், கெட்ட மனிதரல்ல, ஆனால் எந்நேரமும் அவசரம். முன்மொழிவில் ஆய்வு ஒழுக்கநெறி என்று ஒரு பகுதி வேண்டும் என்றார். என்ன எழுதுவது என்று அவள் கேட்டபோது, ஒரு பழைய மாணவரின் முன்மொழிவைத் தூக்கித் தந்தார்.

"அதில உள்ள அஞ்சு வரியயும் அப்படியே போடுங்க ஸுல்பிகா. எல்லாரும் அதத்தான் போடுற."

அவளும் போட்டாள். பங்குபற்றுவோரிடம் ஆய்வு விளக்கப்பட்டு எழுத்துமூலச் சம்மதம் பெறப்படும். பெயர்கள் மறைக்கப்படும். இரகசியம் பேணப்படும். எவருக்கும் பாதிப்பு ஏற்படாது. எவரும் எந்நேரமும் விலகிக்கொள்ளலாம். முன்மொழிவுக் குழு ஒரு கேள்வியும் கேட்காமல் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனது. பரீட்சார்த்தமாக ஒருவரிடம் சம்மதப் படிவம் வாங்கி இணைத்தால் பதிவு செய்துவிடலாம் என்றார்கள்.

ஒருவர் என்றதும் அவளுக்கு ஞாபகம் வந்தது ஸுஹைறா மாமிதான். சொந்த மாமியல்ல, ஊர் முறைக்கு மாமி. 2005இல் பள்ளிக்கூட வளவில் தகரக் கொட்டிலில் இருந்தபோது ஸுல்பிகா எடுத்த நாற்பத்தாறு நேர்காணல்களில் அதிக நேரம் கதைத்தவள் அவள்தான். கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. மகள் றாஹிலாவுக்குக் கட்டிக்கொடுத்த வீடு அத்திவாரத்தோடு போயிருந்தது. இரண்டு மணித்தியாலம் மூச்சு விடாமல் சொன்னாள். கூட வந்த வெளிநாட்டுப் பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

ஒரு சனிக்கிழமை முற்பகல் ஸுல்பிகா போனபோது, மாமி வாசலில் நெத்தலி காயவைத்துக்கொண்டிருந்தாள். இப்போது இருப்பது தங்கச்சியின் வளவில் ஒற்றை அறை. அதே அறையில் றாஹிலாவும் இரண்டு பெண் பிள்ளைகளும். சுனாமித் திட்டத்தில் கிடைத்த வீடு பூட்டிக் கிடந்தது. றாஹிலாவின் புருஷன் அபுல் ஹஸன் அக்கரைப்பற்றில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு, அந்த வீட்டை விற்க ஆள் கூட்டிவரத் தொடங்கியிருந்தான். வீடு அவன் பெயரில்தானே.

மாமி கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"வந்திட்டியா மகள்! அல்லாஹ் உன்னக் கொண்டந்து சேத்தான். என்னகா, நம்மட ஊட்டு விசயம் சரிவந்திட்டா?"

"என்ன ஊட்டு விசயம் மாமி?"

"அதான், நீ எழுதிக்குப் போன விண்ணப்பம்."

மாமி உள்ளே போய் ஒரு சொப்பிங் பேக்கை எடுத்து வந்தாள். புருஷனின் மரணச் சான்றிதழ், குடும்ப அட்டை, றாஹிலாவின் கல்யாணப் பதிவான காவின் கொப்பி, எல்லாவற்றுக்கும் மேலே லெமினேட் செய்த ஒரு தாள். ஆய்வுச் சம்மதப் படிவத்தின் இரண்டாம் பிரதி. மேல் மூலையில் ஸுல்பிகாவின் கையெழுத்தில் 17 என்று இருந்தது. கீழே மாமி எழுத்துக் கூட்டிப் போட்ட ஒப்பம்.

ஸுல்பிகாவுக்கு அந்த நாள் அப்படியே திரும்பி வந்தது. பேனையைக் கையில் வைத்துக்கொண்டு மாமி கேட்டிருந்தாள், இது ஊட்டுக்குத்தானே மகள் என்று. வெளியே வேன் ஹோர்ன் அடித்தது. அன்றைக்கு ஐந்து பேர்தான் முடிந்திருந்தார்கள். படிவமோ இரண்டு பக்கம். எந்தப் பெரிய மனிதர் மொழிபெயர்த்தாரோ, 'நேரடி அனுகூலம் எதுவும் எதிர்பார்க்கப்படலாகாது' என்று ஒன்பதாவது வரியில் கிடந்தது. அதை யார் வாசித்து யாருக்கு விளக்குவது? ஸுல்பிகா சொன்னாள், "ஓம் மாமி, போடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஓமை நம்பி ஒரு மனுஷி ஐந்து வருஷம் காத்திருந்திருக்கிறாள்.

"ஏழு தரம் ஒபிசுக்கு இதக் கொண்டுபோன நான் மகள்," என்றாள் மாமி. "பதினேழாம் நம்பர் எங்கட பைல்ல இல்ல எண்டு சொல்லுவாங்க. ஒரு பொடியன் சிரிச்சான். துலைச்சிட்டுச் சிரிக்கானுகள் எண்டு நினைச்சித்தான் லெமினேட் பண்ணி வச்ச."

"மாமி, ஊட்டுப் பெயர்ப் பட்டியல பள்ளிவாசல்ல ஒட்டினாங்களே. மறுப்பு இருந்தாச் சொல்லுங்க எண்டு ஒரு மாசம் தந்தாங்களே. அப்ப நீங்க போகல்லயா?"

"நான் என்னத்துக்குப் போற? உன்னட்டத்தான் எல்லாம் சொல்லி ஒப்பமும் வச்சிட்டனே. ஊடு என்ட மகள்ட பேரில வரணும், மருமகன் கை நீட்டுற ஆள், அவர நம்பேலா எண்டு. இல்லாட்டி என்ட புள்ள அடி வாங்கின கதைய நான் ஊரானுக்குச் சொல்லுவனா?"

ஸுல்பிகா கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே உண்மையைச் சொன்னாள். அது விண்ணப்பம் இல்லை. வீட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆராய்ச்சிக்கு எழுதியது. தெரிந்துகொண்டே நான்தான் ஓம் என்று சொன்னேன்.

மாமி லெமினேட் தாளை மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப நான் சொன்னதெல்லாம் எங்க போன?"

"புத்தகத்தில போட்டாங்க மாமி. இங்கிலீசில."

"ஆரு படிச்ச?"

உண்மையில் யார் படித்தார்கள்? புத்தகம் அச்சான செய்தியே ஸுல்பிகாவுக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு பிரதிகூட இந்தக் கரைக்கு வரவில்லை. பேராசிரியைக்குப் பதவி உயர்வு வந்ததாகக் கேள்வி.

"பிளேண்டித் தேத்தண்ணி ஊத்தின நான், குடிச்சிட்டுப் போ," என்றாள் மாமி. "இனி இந்த வாசலுக்குப் பேப்பரோட வராத."

வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு உடம்பு எரிந்தது. யார் மேல் கோபப்படுவது? இரண்டு பக்கப் படிவம் எழுதியவன் மேலா, ஹோர்ன் அடித்த வேன் மேலா, அழுதுவிட்டுப் பறந்து போன பேராசிரியை மேலா? எல்லார் மேலும் கோபம் வந்தது. சுற்றிச் சுற்றிக் கடைசியில் தன் மேலேயே வந்து நின்றது. 'எவருக்கும் பாதிப்பு ஏற்படாது' என்று போன கிழமைதான் தன் கையால் எழுதிக் கொடுத்திருந்தாள். மாமியின் ஒற்றை அறையைப் பார்த்தபின் அந்த வரியை நினைக்கவே வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை காலையிலேயே காணி அலுவலகத்துக்குப் போனாள். உத்தியோகத்தர் நியாயமான ஆள். மறுப்புக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, ஆனால் அந்தக் காலத்துக்குள்ளேயே தாய் உரிமை கோரியதற்கு ஏதாவது எழுத்து ஆதாரம் இருந்தால் மறுபடி விசாரிக்கலாம், அதுவரை வீட்டை விற்க விடமாட்டோம் என்றார்.

எழுத்து ஆதாரம் இருந்தது. ஸுஹைறா என்ன சொன்னாள், எந்தத் திகதியில் சொன்னாள் என்பதெல்லாம் அந்த ஆய்வுக் குழுவிடம் பத்திரமாக இருந்தது. ஸுல்பிகா மின்னஞ்சல் அனுப்பினாள். பதில் மூன்றே நாளில் வந்தது, மிக மரியாதையாக. பங்குபற்றியவரின் இரகசியத்தைப் பாதுகாக்கும் பொறுப்பு தங்களுக்கு உண்டாம். ஆய்வு ஒழுக்கநெறியின்படி நேர்காணலை எவருக்கும் தர முடியாதாம்.

வரக் கூடாது என்று சொன்ன வாசலுக்கு ஸுல்பிகா மறுபடி போய், அந்தப் பதிலைத் தமிழில் சொன்னாள். மாமிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நெத்தலிச் சுளகை அப்படியே நிலத்தில் வைத்தாள்.

"நான் சொன்னத எனக்குத் தரேலாதாமா? ஆருக்கிட்ட இருந்து காப்பாத்துறாங்க? என்னட்ட இருந்தா?"

சரியான கேள்வி. இதைப் போல ஒரு கேள்வியை எந்தப் பேராசிரியரும் கேட்டு ஸுல்பிகா கேள்விப்பட்டதில்லை.

அப்போதுதான் அவள் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியை வெளியே எடுத்தாள். 2005இல் நேர்காணலின்போது அவசர அவசரமாகத் தமிழில் கிறுக்கிய குறிப்புகள். வேலை முடிந்ததும் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தது. அவள் ஒப்படைக்கவில்லை. கொப்பியின் கடைசிப் பக்கங்களில், சுனாமி வந்த முதல் வாரத்தில் தங்கள் ஒழுங்கையில் கடலால் மௌத்தானவர்களின் பெயர்களை எழுதி வைத்திருந்தாள். உம்மாவின் பெயர் ஒன்பதாவது. அதைக் கொடுக்க மனம் வரவில்லை. நடுவில், பதினேழு என்று வட்டம் போட்ட பக்கத்தில், திகதியோடு இருந்தது: 'வீடு மகள் பேரில் வர வேண்டும். கட்டாயம் எழுதச் சொன்னார். மூன்று தரம் சொன்னார்.'

மாமி அந்தப் பக்கத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்தாள். மூன்று தரம் சொன்னார் என்ற இடத்தில் தலையை ஆட்டினாள்.

"சரி, விண்ணப்பத்த எழுது. இந்த முற நான் மட்டும் ஒப்பம் போடமாட்டன். என்ன நடந்த எண்டு நீயும் எழுதி, கீழ நீயும் போடு."

ஸுல்பிகா எழுதினாள். 2005இல் இந்தப் பெண்மணி சம்மதப் படிவத்தை வீட்டு விண்ணப்பம் என்று நம்பினார், அதை அறிந்தும் நான் திருத்தவில்லை, அதனால் இவர் மறுப்புக் காலத்தைத் தவறவிட்டார். மாமியின் ஒப்பத்துக்குக் கீழே தன் ஒப்பத்தையும் வைத்தாள். நாற்பத்தாறு பேரிடம் எவ்வளவு லேசாகப் பேனையை நீட்டியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

விசாரணைக்கு அபுல் ஹஸனும் வந்தான். கொப்பி பொய் என்று கத்தினான். உத்தியோகத்தர் திகதியைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தில் இருந்த மௌத்தானவர்களின் பட்டியலைப் பார்த்தார். பிறகு கொப்பியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். தீர்ப்பு வரும்வரை விற்பனைக்குத் தடை, அதுவரை றாஹிலாவும் பிள்ளைகளும் வீட்டில் இருக்கலாம் என்று எழுதினார். அன்று அஸர்த் தொழுகைக்கு முன்னமே மாமி பூட்டைத் திறப்பித்து, கூட்டிப் பெருக்கி, அடுப்பு மூட்டிவிட்டாள். லெமினேட் தாளை ஸுல்பிகாவின் கையில் திணித்தாள்.

"இனி எனக்கு இது என்னத்துக்கு. உன்ட சேர்மாருக்குக் காட்டு."

ஸுல்பிகா முன்மொழிவைத் திருத்தினாள். ஐந்து வரி எட்டுப் பக்கமானது. நிவாரண வரிசையில் வாங்கும் ஒப்பம் சம்மதம் ஆகாது என்று எழுதினாள். சொன்னவர் கேட்டால் சொன்னதைத் திருப்பிக் கொடுப்பேன் என்று எழுதினாள். தான் செய்ததையும் மறைக்காமல் எழுதினாள்.

தனஞ்சயன் தொலைபேசியில் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"ஸுல்பிகா, நீங்க எழுதினது உண்மைதான், நான் இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா முன்மொழிவு பாவமன்னிப்புக் கேக்குற இடமா? அந்த அஞ்சு வரிக்கு ஓம் எண்டு சொன்ன ஆக்கள் இதுக்குச் சொல்லமாட்டாங்க."

"பொய்க்கு ஓம் எண்டு சொன்னாங்க சேர். உண்மைக்கு என்ன சொல்றாங்க எண்டு பாப்பம்."

முன்மொழிவுக் குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். தலைவர் எட்டுப் பக்கத்தையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இது வழமையான அமைப்பில் இல்லை என்றார். கள ஆய்வாளர் தானே குறிப்புக் கொப்பியை ஒளித்து வைத்ததும், அதை அலுவலகத்தில் கொடுத்ததும் பாரதூரமான ஒழுக்க மீறல் என்றார். இந்தப் பகுதியை எடுத்துவிட்டுப் பழைய ஐந்து வரியைப் போட்டால் இன்றைக்கே பதியலாம், இல்லாவிட்டால் கஷ்டம் என்றார். தனஞ்சயன் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸுல்பிகா பையைத் திறந்து, லெமினேட் தாளை மேசையில் வைத்தாள்.

தலைவர் அதை எடுத்தார். மேலிருந்து கீழ்வரை வாசித்தார். பின்பக்கம் திருப்பினார். ஆய்வின் நோக்கம் இருக்கிறது, விலகும் உரிமை இருக்கிறது, இலக்கம் இருக்கிறது, திகதி இருக்கிறது, ஒப்பம் இருக்கிறது. இவ்வளவு நேரத்தில் முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது.

"படிவம் நல்ல சரியாத்தானே இருக்கு. இதில என்ன பிழை? இதையே மாதிரியா வச்சு உங்கட முன்மொழிவில இணைக்கலாமே."

ஸுல்பிகா கண்ணாடியைக் கழற்றினாள். பர்தா நுனியால் ஒரு வில்லையைத் துடைத்தாள், பிறகு மற்றதை. அவளைத் தெரியாதவர்கள், ஆகையால் ஒருவரும் பேச்சை மாற்றவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொன்னாள்.

"இதே போல சரியான படிவம் நாப்பத்தாறு எடுத்த நான் சேர். நாப்பத்தாறிலயும் ஒப்பம் இருக்கு. அதில எத்தின பேர் சம்மதிச்ச எண்டு எனக்குத் தெரியா. இந்த மனுசி சம்மதிக்கல்ல."

எட்டுப் பக்கத்தையும் அடுக்கி, அதே இடத்தில் திரும்ப வைத்தாள். லெமினேட் தாளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். இன்னும் நாற்பத்தைந்து வீட்டு வாசலுக்கு அவள் போக வேண்டியிருந்தது.